காவலாளியின் பார்சல்

1. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், அம்மா கட்டித் தந்த சோற்றுப் பார்சலை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.
2. இரண்டாம் வாரம் தோழிகளோடு கன்டீன் கொத்துரொட்டிக்கு மாறினேன்.
3. வீச மனமில்லாமல், பார்சலைத் தினமும் வாசல் காவலாளியிடம் கொடுத்தேன்.
4. மாத்தளை டவுனுக்கு ஒரு வேலையாக வந்த அம்மா, என்னைப் பார்க்கக் கல்லூரி வாசலுக்கும் வந்துவிட்டார்.

காவலாளி ஒல்லியான மனிதர். இடுப்புப் பட்டியில் ஆணியால் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டிருந்தார். என் பார்சல் போகத் தொடங்கிய பிறகு அந்த ஓட்டைக்கு வேலை இல்லாமல் போனது. பார்சலைப் பிரிக்கும் முன் கண்ணை மூடி முகர்ந்து, உள்ளே என்ன கறி என்று சத்தமாகச் சொல்வது அவர் வழக்கம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான் வாசலுக்கு ஓடிவந்தபோது அவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளயோட அம்மாவா நீங்க? கருவாட்டுக் கொழம்பு அருமைங்க. நேத்து பாவக்காயிலதான் உப்பு கொஞ்சம் கொறவு."

அம்மா என்னைப் பார்த்தார். நான் பஸ் போகும் ரோட்டைப் பார்த்தேன்.

"உப்பு போட்டேனே அண்ணே," என்றார் அம்மா.

"தேங்காப்பால் கூடிப்போச்சுங்க. அதான் உப்பு தெரியல."

"இவகிட்ட கேட்டா எல்லாமே நல்லா இருந்துச்சுனுதான் சொல்லுவா. திங்காதவளுக்கு எப்புடித் தெரியும்?"

காவலாளி மரியாதையாகத் தலையாட்டினார். அவர் வெகுளியாகச் சொன்னாரா, திட்டம் போட்டுச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது அம்மா பார்சலை அவருக்கென்றே கட்டுகிறார். கொண்டுபோய்க் கொடுப்பது நான். கன்டீன் கொத்துரொட்டி எனக்கு அலுத்துவிட்டது. அதை இருவரிடமும் இன்னும் சொல்லவில்லை.