பென் டிரைவில் இருந்த பெயர்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த பிறகு வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "அதான்." தண்ணீர் வேண்டும் என்றாலும் அதான், வேண்டாம் என்றாலும் அதான். ஆழ்துளைக் கிணறு, அதான் போர், போடும் ரிக் வண்டியை வடநாடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், போன ஊரிலெல்லாம் அந்த ஊர் பாஷையில் சண்டை போட்டுவிட்டு வந்த மனுஷர். அந்த வாய்க்கு இந்தக் கதி. அவர் முகத்தைப் பார்த்துத்தான் இது எந்த அதான் என்று நான் கண்டுபிடிப்பேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து அவரைக் காரில் ஏற்றி அங்கே கூட்டிப்போவோம். ஒருநாள் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "வாரத்துக்கு ஒரு தடவை நான் சொல்லிக்குடுக்கறது பத்தாதும்மா. தினமும் காலைல அவர் காதுல வார்த்தை விழணும். பழகின குரலா இருக்கணும். நீங்க பேசுங்க, நான் பதிவு பண்ணித் தரேன்" என்றாள்.

நான் பேசுகிறவள் இல்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் சமையலறைக்குள் போய்விடுவேன். அஞ்சாவது வரைக்கும் படித்தேன். அங்கேயும் எழுந்து நின்று வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் அழுகைதான் வரும். ஆனாலும் அவருக்காக என்று உட்கார்ந்தேன். தண்ணி, சோறு, செருப்பு, போதும், வலிக்குது. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அவர் திருப்பிச் சொல்ல இடம் விட்டு, அடுத்த சொல். அதுவரைக்கும் சரியாகத்தான் போனது.

"கடைசியா அவர் பேரு சொல்லுங்க. சொந்தப் பேரைக் கேட்டா மூளை திரும்பிப் பார்க்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். அவருடையது ஒரு சாமியின் பெயர். அந்தச் சாமியையே நான் "மலைமேல இருக்கறவரு" என்று சொல்லித்தான் இத்தனை காலம் கும்பிட்டு வந்திருக்கிறேன். அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது மருமகள் சொல்லுவாள்.

"மருமகளைச் சொல்லச் சொல்லட்டுங்களா?"

"அவங்க குரல் வேண்டாம்மா. உங்க குரல்தான் வேணும்."

எல்லாரையும் வெளியே அனுப்பச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். காது இரண்டும் நெருப்பாகச் சுட்டது. "கேக்கவே இல்லைம்மா, சத்தமா" என்றாள் அந்தப் பெண். இன்னொரு தரம் சொன்னேன்.

அதைச் சுண்டுவிரல் அளவில் ஒரு சிவப்பு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் பக்திப் பாட்டுக் கேட்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதில் சொருகினோம். தினமும் காலையில் அவருக்கு முகம் துடைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, பட்டனை அழுத்துவேன். முதலில் என் குரலை நானே கேட்க வெட்கப்பட்டுப் புறக்கடைக்குப் போய்விடுவேன். பிறகு ஒருநாள் கதவோரம் நின்று பார்த்தேன். மற்ற சொல்லுக்கெல்லாம் அதான், அதான் என்று சொல்லிவந்தவர், பெயர் வந்ததும் நிறுத்தினார். பெட்டியையே பார்த்தார். வாய் திறந்து மூடியது. எத்தனையோ காலைகள் அப்படியே போயின. அப்புறம் ஒருநாள் காலையில் பெயரின் முதல் எழுத்து வந்தது. அந்த ஒரு எழுத்துதான். அன்றைக்கு வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தேன். எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

வீட்டின் முன்னறைதான் என் மகனின் ரிக் ஆபீஸ். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். ஒரு பில் போடுவதற்குள் டீ ஆறிப்போகும். என் மகன் அதைத் திட்டுகிற திட்டு சமையலறை வரைக்கும் கேட்கும். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்துக் கும்பிடுவோம். மறுநாளே மறுபடியும் திட்டு.

அன்று காலை பட்டனை அழுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷில் ஏதோ ஒன்று சொல்லிவிட்டு நின்றுபோனாள். பெட்டியின் பின்பக்கம் தடவிப் பார்த்தேன். சொருகியிருந்த இடம் வெறும் ஓட்டை.

அவர் என்னைப் பார்த்து, "அதான்?" என்றார். பிறகு நல்ல கையால் பெட்டியைத் தட்டித் தட்டி, "அதான். அதான். அதான்."

மருமகள் வந்தாள். "ஏனுங்கத்தை, அதை உங்க பையன் நேத்துக் கழட்டீட்டுப் போனாருங்க. கம்ப்யூட்டருக்கு வேணும்னாரு."

ஆள் இருக்கும்போது நான் அந்த ஆபீஸ் அறைக்குப் போனதே இல்லை. அன்றைக்குப் போனேன். போர் போட வாழப்பாடியிலிருந்து வந்த விவசாயி ஒருவரும், அவரைக் கூட்டி வந்த புரோக்கரும் உட்கார்ந்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த கம்ப்யூட்டர் பெட்டியில் என் சிவப்பு பென் டிரைவ் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"அதுவாம்மா? கம்ப்யூட்டருக்கு மெமரி கம்மி. ஞாபக சக்தின்னு வெச்சுக்கங்க. ஒண்ணைத் திறந்தா இன்னொண்ணை மறந்துருது. இதைச் சொருகி உட்டா பக்கத்துல நின்னு எடுத்து எடுத்துக் குடுக்கும். வேகமாயிரும். போன்ல வீடியோ பார்த்தேன்."

"அதுல இருந்தது?"

"நாலு சத்தம் என்னமோ கெடந்துச்சு. அழிச்சாத்தான் முழு இடமும் கிடைக்கும்னு ஃபார்மட் பண்ணீட்டேன். சும்மாதானம்மா கெடந்துச்சு."

சும்மா. இந்தச் சொல்லை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். "அம்மா என்ன பண்றாங்க?" என்று யார் கேட்டாலும் என் மகன் சொல்கிற பதில், "ஊட்ல சும்மாதான் இருக்காங்க." அவன் அப்பாவை யாராவது விசாரித்தாலும், "சும்மா படுத்திருக்காருங்க." ஒரு ஆளைத் தூக்கி உட்காரவைத்து, ஊட்டி, துடைத்து, திருப்பிப் படுக்கவைக்கிறது சும்மா. படுத்த இடத்தில் ஒரு எழுத்துக்காக ஒரு மனுஷர் வியர்த்துப்போகிறது சும்மா. சத்தம் போடாத எதுவும் இவனுக்குச் சும்மாதான். வீட்டுப் பெட்டியில் இருக்கிறதை எடுப்பதற்கு முன்னால், "இது என்னதும்மா?" என்று ஒரு வாய் கேட்க அவனுக்கு நேரமில்லை.

நேராகப் போய் பென் டிரைவைப் பிடுங்கினேன்.

"அம்மா, புடுங்கக் கூடாதும்மா, வேலை ஓடீட்டிருக்குது" என்று எழுந்தான். பில் பாதியில் நின்றுவிட்டது.

"அம்மாவுக்குப் பாட்டுக் கேக்கற நேரமாட்ட இருக்குது" என்றார் புரோக்கர். சிரிப்பு.

வாழப்பாடிக்காரர் தன் பங்குக்கு, "அதச் சொருகியிருந்தப்பவும் இதே ஓட்டந்தான ஓடிச்சு? நான் வந்து ரெண்டு டீ குடிச்சாச்சு" என்றார்.

உள்ளே வந்து பெட்டியில் சொருகினேன். ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் காதைப் பெட்டிமேல் வைத்துக் கேட்டார். என் மகன் பின்னாலேயே வந்தான். வந்தவன் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

"இதுக்கு எதுக்கும்மா இத்தனை கோவம்? திரும்பப் பேசிக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. இந்தாங்க, பேசுங்க, என்ற போன்லயே எடுத்துக்கறேன்." போனைக் கொண்டுவந்து என் வாயருகே பிடித்தான்.

மகனை நான் சாமி என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை.

"டேய், உங்கப்பனுக்கும் ஞாபகம் கம்மிதான்டா. அது பக்கத்துல நின்னு எடுத்து எடுத்துக் குடுத்துட்டிருந்துச்சு. நீ இப்பச் சொன்னியே, அதே வேலை. எந்த மெஷினுக்கு முதல்ல வேணும்னு நீயே முடிவு பண்ணீட்டயா?"

அவன் போனைக் கீழே இறக்கினான். அதில் என்ன இருந்தது என்று அப்போதுதான் கேட்டான். மருமகள் சொன்னாள். பெயர் இருந்ததையும் அவள்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஓடினான். அந்தப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டான். அவள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாளாம், போனில் இடமில்லாமல் அப்போதே அழித்துவிட்டாளாம். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரை வீட்டுக்கே கூட்டி வந்தான். அவர் என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டு, "பழசு மேலயே கம்ப்யூட்டர் புதுசா எழுதீருச்சுங்க, வராதுங்க" என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "பென் டிரைவைச் சொருகி இந்த மெஷின் ஓடாதுங்க. பேருக்கு ஓடும். உள்ள இருக்கற பழைய டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி மாத்துங்க, பறக்கும்." ஒன்றை அழித்து ஒன்று நன்றாக ஓடியிருந்தாலாவது அழிந்ததற்கு ஒரு கணக்கு இருக்கும்.

எஸ்எஸ்டி வந்தது. கம்ப்யூட்டர் பறந்தது. எனக்கும் புதிதாக ஒரு பென் டிரைவ் வாங்கிக் கொண்டுவந்து பெட்டியின் பக்கத்தில் வைத்தான். மருமகள் போனைப் பதிவுக்கு வைத்துவிட்டு, "பேசுங்கத்தை, நான் அக்கட்டால போயிக்கறேன்" என்று கதவைச் சாத்துவாள். நான் வாயைத் திறந்தால் அவன் போனை நீட்டியதுதான் ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வேன். கோபத்தில் மூடுகிறேனா வெட்கத்தில் மூடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

இதற்குள் அவருக்கு அந்த முதல் எழுத்து போய்விட்டது. காலையில் நாற்காலியில் உட்காரவைத்தால் கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்ப்பார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அதான்கூடக் குறைந்துவிட்டது. ஒருநாள் உட்காரவே மாட்டேன் என்று கையை உதறினார்.

அந்த உதறல்தான் என்னைக் கிளப்பியது. அவரை விடாமல் தூக்கி உட்காரவைத்தேன். பெட்டியை எடுத்து அலமாரிமேல் போட்டேன். அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆபீஸ் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய்ச் சாத்துவதற்குக் கால் எழுந்தது. சாத்தவில்லை. நான் ஏன் சாத்த வேண்டும்?

"தண்ணி" என்றேன். இடம் விட்டேன். "சோறு." இடம் விட்டேன். அந்தப் பயிற்சிப் பெண் கேட்ட சத்தத்தில் சொன்னேன். "செருப்பு." அவர் கண் என் பக்கம் வந்தது. "போதும். வலிக்குது."

ஆபீஸிலிருந்து என் மகன் குரல் கொடுத்தான். "அம்மா, கொஞ்சம் மெதுவா. பார்ட்டி இருக்காங்க."

"மெதுவா இருந்தா உனக்குத்தான் ஆகாதேடா" என்றேன். "மெதுவா இருந்த கம்ப்யூட்டரை நீ என்ன பாடுபடுத்துன? நான் மட்டும் கடைசி வரைக்கும் மெதுவா இருக்கோணுமா?"

இந்தத் தரம் ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொன்னேன். ஆபீஸில் இருந்தவர்கள் காதில் விழுந்திருக்கும், தெருவில் போனவர்கள் காதிலும் விழுந்திருக்கும். காது சுடத்தான் செய்தது. சுடட்டும் என்று இன்னொரு தரம் சொன்னேன். அதை இங்கே மட்டும் எழுதமாட்டேன். அது அவருக்குச் சொன்னது.

வாய் கோணிக்கொண்டு போனது. எச்சில் வழிந்தது. துடைக்காமல் காத்திருந்தேன். முதல் எழுத்து வந்தது.

"அதான்" என்றேன் நான்.