நோபல் பார்க்கில் வியாழக்கிழமை உயிரியல்

உயிரியல் டியூஷனில் மாணவரைவிட வீட்டாரைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலையும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

மெல்பேர்னில், நோபல் பார்க்கில், பத்தாம் வகுப்பு ஆரணிக்கு வியாழன்தோறும் பாடம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா சிவநேசன் அண்ணன் பஸ் ஓட்டுகிறார். "பிள்ளை டொக்டராக வேணும், சேர்" என்று முதல் நாளே சொல்லிவிட்டு, டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். என்னைக் கண்காணிக்கிறார் என்றே நினைத்தேன். மதுரைக்காரனுக்குச் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி.

வெங்காயம்

புத்தகத்தில் செல் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் குசினியில், அதாவது சமையலறையில், ஒரு வெங்காயம் வாங்கி, உள்தோலை உரித்து, அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள். ஆரணி பார்த்தாள். தண்ணீர் குடிக்க வந்த சிவநேசன் அண்ணன், தண்ணீரை மறந்து அவளைவிட அதிக நேரம் பார்த்தார். உயிரின் அடிப்படை அலகே இதுதான் என்று நான் உணர்ச்சிவசப்பட்டு ஆரம்பித்தபோது, கரண்டியோடு நின்ற அம்மா வசந்தி அக்கா குறுக்கிட்டார்:

"பாத்தாச்சுதானே? மிச்ச வெங்காயத்தைத் தாங்கோ சேர், கறி அடுப்பில நிக்குது."

தோசை மா

ஜூன் மாதம், இங்கே குளிர்காலம். மா புளிக்கவில்லை என்று அக்காவுக்குக் கவலை. நுண்ணுயிரிகள் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? குளிரில் அவை மந்தமாகும், கதகதப்பில் பெருகும் என்று விளக்கினேன். அடுத்த வியாழன் ஆரணி தும்மிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவள் அறை ஹீட்டர் இரவு முழுக்க மாச் சட்டிக்குக் காவல் இருந்ததாம். அக்கா முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"மா நல்லாப் பொங்கிட்டுது, சேர். பிள்ளைக்குத்தான் தடிமன்."

பரம்பரை

எது யாரிடமிருந்து வந்தது என்று எழுத வேண்டும். சுருட்டை முடி அப்பா, கன்னக்குழி அம்மா. எழுதி முடித்த ஆரணி, அடுத்த வருஷம் உயிரியலை விட்டுவிட்டு மரவேலை எடுக்கப் போவதாகச் சொன்னாள். "பயாலஜி ஓகே, சேர். பட் எனக்கு மேசை கதிரை செய்யத்தான் விருப்பம். அப்பாட்ட நீங்க சொல்லுங்கோ, ப்ளீஸ்." கதிரை என்றால் நாற்காலி. நான் அவசரமாக மைக்ராஸ்கோப் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தேன். குசினியிலிருந்து அக்கா குரல் மட்டும் வந்தது:

"இந்தப் பிடிவாதத்தையும் தகப்பன்ர பக்கம் எண்டு எழுதச் சொல்லுங்கோ, சேர்."

ஹால்

அடுத்த வாரம் கிட்னி பாடம். பாதியில் ஆரணி என் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. சரி, வருவது வரட்டும் என்று ஹாலுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு குடும்பத்தின் டாக்டர் கனவில் மண்ணைப் போட்டவன் என்ற பெயர் ஆயுசுக்கும் நிற்குமே என்று பயம்தான்.

அவர் டிவியை அணைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "முதல் செய்யிற கதிரை எனக்கு" என்றார். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இனி இங்கே என்ன வேலை என்று மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்து, "வர்றேன் அண்ணே" என்றேன். வாசல்வரை வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"வாற வியாழனும் வாங்கோ, சேர். கிட்னி அரைவாசியில நிக்குது."

இத்தனை வருஷத்தில் வீட்டுப்பாடத்தைத் தவறாமல் செய்யும் ஒரே மாணவர் அவர்தான், பரீட்சை என்று வாயெடுத்தால் மட்டும் அன்றைக்கு டபுள் ஷிப்ட் என்கிறார்.