துசியந்தியின் கைக்கு ஒரு பிஸ்டல்

லண்டனில், சட்டனைத் தாண்டிப் போகும் வீதியிலிருந்த அந்தத் துவக்குக் கடைக்குத் துசியந்தி மூன்றாவது தடவையாகப் போனாள். முதல் இரண்டு தடவையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். இன்றும் வாங்காமல் வந்தால் சனிக்கிழமை அவள் கதை முடிந்தது.

மோர்டனில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறவளுக்குப் பிஸ்டல் எதற்கு என்று கேட்கலாம். கேட்காதவர்களே இல்லை. வேலையிடத்தில் எல்லாரையும் ஒருநாள் பொழுதுபோக்குக்காகக் கூட்டிப்போன இடம், குறிபார்த்துச் சுடும் ஒரு கழகம். காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டு பாயும் பிஸ்டல், பத்து மீற்றர் தள்ளி ஓர் அட்டை. மற்றவர்கள் சிரித்து, படம் எடுத்து, வீட்டுக்குப் போனார்கள். துசியந்தி உறுப்பினராகிவிட்டாள். பெரிய காரணமொன்றும் இல்லை. அவள் குறிபார்க்கும்போது ஒருவரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை. பகல் முழுக்கப் பல்லுக்கொதிக்காரருக்குப் பதில் சொல்லி, பின்னேரம் வீட்டாருக்குப் பதில் சொல்கிறவளுக்கு அது கொஞ்ச சுகமா?

மச்சாள் நகுலேஸ்வரிக்கு விஷயம் எட்டியதும் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறியோ?"

"அது விளையாட்டுச் சாமான், மச்சாள்."

"உனக்கு விளையாட வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

உண்மையில் கிடைக்கவில்லைதான். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சி நிற்பவள் துசியந்தி. பந்து கையில் தங்காது. எந்த அணியிலும் அவள் பெயர் இருந்ததில்லை. இப்போது கழகத்தில் ஓரிடம் காலியாகியிருந்தது. வரிசையாக நிற்கும் ஐந்து தகடுகளைப் பத்து விநாடிக்குள் விழுத்தும் போட்டி. சாதாரண பிஸ்டலை ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துப் பூட்டவேண்டும், அதற்கு நேரம் காணாது. விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த குண்டுக்குத் தயாராகிற அரைத் தானியங்கி வேண்டும். கழகத்தில் இருந்த ஒன்றை வேறொருவர் பாவித்தார். "சொந்தமாக ஒன்றோடு வா, சனிக்கிழமை அணித் தெரிவில் நிற்கலாம்" என்றாள் அணித்தலைவி கரோல். அந்த இடத்தை நினைத்து நினைத்துத் துசியந்திக்கு நித்திரை குறைந்தது. நாற்பத்தைந்து வயதில் இப்படி ஓர் ஆசை வந்ததை வெளியே சொல்லவும் வெட்கம்.

கணவர் யோகராஜா பிஸ்டலுக்கு எதிரில்லை. கூட விலை கொடுப்பதற்குத்தான் எதிரி. வெங்காய மூட்டை வாங்கவே டூட்டிங்கில் நாலு கடை ஏறி இறங்குகிறவர் அவர். இணையத்தில் மலிவாக ஒன்றைக் கண்டுபிடித்தார். வீட்டுக்கு அனுப்ப முடியாது, ஆள் நேரே வந்துதான் வாங்கவேண்டும், சட்டம் அப்படி என்றதும், அந்தச் சட்டத்தைத் தன்னைக் குறிவைத்தே போட்டார்கள் என்பதுபோல ஒரு கிழமை புறுபுறுத்தார்.

கடைக்காரர் கிரகாம் பொறுமைசாலி. கண்ணாடி மேசைக்கு அப்பால் நின்று இன்றும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். துசியந்தி மரியாதையாக வலக்கையால் வாங்கினாள், கடையின் பின்பக்கத்துச் சுடுகூடத்தில் நின்று சுட்டாள், திருப்பிக் கொடுத்தாள். முதலாவது பிளாஸ்டிக் உடம்பு, விலை குறைவு, ஆனால் விசையை இழுப்பதற்குள் குறி எங்கோ போய்விடும். இரண்டாவது நல்ல சமநிலை, விலையைக் கேட்டதும் கூடவந்திருந்த யோகராஜா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது ஒருவர் பாவித்துத் திருப்பிக் கொடுத்தது. விரல்களுக்கு ஏற்றபடி செதுக்கிய மரப்பிடி. புதிதாக எடுத்தால் இரண்டு மடங்கு என்றார் கிரகாம்.

"இதுதான் சாமான்," என்றார் யோகராஜா. "இந்த விலைக்கு இப்பிடி ஒண்டு இனிக் கிடையாது. யோசியாதையும், எடும்."

துசியந்தி சுட்டாள். ஐந்தில் ஒரு தகடு விழுந்தது. மறுபடியும் சுட்டாள். ஒன்றுமே விழவில்லை. கை நடுங்கியது. எதை எடுத்தாலும் இதே கூத்து. எரிச்சலில் அவளுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"உமக்குக் கை சரியில்லை," என்றார் யோகராஜா. "சாமானிலை பிழையில்லை."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கேட்ட வசனம்தான். இந்தத் தடவை அது சுள்ளென்று சுட்டது.

"எந்தத் தகட்டுக்குக் குறி வைத்தீர்கள்?" என்று கிரகாம் ஆங்கிலத்தில் கேட்டார். துசியந்தி பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, விரலை நீட்டிக் காட்டினாள். கிரகாம் தகட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"நீங்கள் இடக்கைக்காரரா?"

"இல்லை," என்றாள் துசியந்தி உடனே.

"இல்லை, இல்லை," என்றார் யோகராஜாவும்.

நீட்டிய விரல் இடக்கை விரல். திறந்திருந்தது இடக்கண். கிரகாம் கடையின் பாவனைக்கு வைத்திருந்த பழைய பிஸ்டலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விற்பனைக்கு இல்லாதது, பிடி இரண்டு கைக்கும் பொது. "மற்றக் கையால் ஒருதடவை," என்றார்.

துசியந்தி இடக்கையால் எடுத்தாள். ஐந்து தகடும் வரிசையாக விழுந்தன. கிரகாம் நிமிர்த்திவிட்டார். மறுபடி சுட்டபோது நாலு விழுந்தது. கை நடுங்கவேயில்லை.

ஒருவர் ஒன்றை நீட்டினால் சோற்றுக்கையால் வாங்கு, இது சின்ன வயதில் அம்மா போட்ட சட்டம். கோயிலில் விபூதியை, கடையில் மிச்சக் காசை, தேத்தண்ணிக் கோப்பையை, எதையும். இடக்கை நீளும்போதெல்லாம் அம்மாவின் அகப்பைக் காம்பு மணிக்கட்டில் விழும். அது எந்த வயதில் நின்றது என்று துசியந்திக்கு நினைவில்லை. கை திருந்திவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள். கழகத்தில் முதல்நாள் பயிற்சியாளர் பிஸ்டலை நீட்டியபோதும் வலக்கைதான் போய் வாங்கியது, அதே கையால்தான் இத்தனை மாதமும் சுட்டாள்.

கிரகாம் மரப்பிடிப் பிஸ்டலைக் காட்டித் தலையசைத்தார். அது வலக்கைக்கென்றே செதுக்கியது, முதல் இரண்டும் வலக்கைப் பிடிதான். இடக்கைப் பிடியோடு இத்தாலியிலிருந்து வரவழைக்க வேண்டும், ஐந்தாறு கிழமை ஆகும், விலையும் கூட.

"அப்ப சனிக்கிழமை?" என்றார் யோகராஜா. "என்னப்பா நீர், இவ்வளவு காலமும் சோத்துக்கையாலை எல்லாம் செய்தனீர்தானே? இதையும் பழகும். இடக்கையாலை சுட்டு ஆருக்கு என்ன காட்டப் போறீர்? நல்ல மலிவிலை வந்த சாமான்."

துசியந்தி மரப்பிடியைப் பார்த்தாள். எடுத்தால் இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சனிக்கிழமை வரிசையில் நிற்கலாம், நடுங்கிக்கொண்டு. கரோல் வேறொருவரைத் தெரிவுசெய்வாள். எடுக்காவிட்டாலும் வேறொருவரைத்தான் தெரிவுசெய்வாள். எந்தப் பக்கத்தால் போனாலும் அந்த இடம் இந்த வருடம் அவளுக்கில்லை. அவ்வளவு ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டதற்கு இப்படியா என்று நெஞ்சு கொதித்தது.

"எனக்கு இது வேண்டாம்," என்றாள். "இடக்கைக்கு ஓடர் பண்ணுங்கோ எண்டு சொல்லுங்கோ. இல்லை, நானே சொல்லுறன்."

சொன்னாள். யோகராஜா வாசலுக்குப் போய்க் காருக்குள் ஏறிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவர் விலையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். துசியந்தி காதில் வாங்கவில்லை. கைநழுவி உடைந்த கோப்பைகள், கோணலாய் வெட்டிய மரக்கறி, மச்சாள் வீட்டுக் கல்யாணத்தில் அவள் போட்டு எல்லாரும் பார்த்துச் சிரித்த கோலம், வலைப்பந்து ஆசிரியை முகம் சுளித்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சோற்றுக்கை செய்த அத்தனைக்கும் அவள் மன்னிப்புக் கேட்டிருந்தாள்.