மதிய இடைவேளையில் மட்டும் நேராக வரும் க்ரூவ்

ஒரு மெஷினைப் பார்க்க எவளாவது கோயமுத்தூரிலிருந்து புனே வரை போவாளா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கும், இதே வேலையாகக் கிளம்பப் போகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. போனேன். போதும் போதும் என்று ஆகிவிட்டது.

கோயமுத்தூர் கணபதியில் எங்களுடையது சின்ன ஒர்க்‌ஷாப். தகடு அடிக்கும் பவர் பிரஸ்ஸை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், கட்டரால் உலோகத்தைக் குடையும் மில்லிங் என் பொறுப்பு. பேட்டரி வண்டிக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனி, செம்புத் தகட்டில் தண்ணீர் ஓடுவதற்கு மெல்லிய வாய்க்கால் மாதிரி க்ரூவ் போட்டுக் கேட்டது. அகலம் 0.2 மில்லிமீட்டர், அதாவது மூன்று தலைமுடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. ஓரத்தில் பிசிறு இருந்தால் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். எங்கள் பழைய மெஷினில் செய்த இரண்டு சாம்பிளும் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதும் சரியில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டரை நம்பித்தான் புது வீடே கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவே தீபாவளி முடிந்த கையோடு, ஆறு செம்புத் தகடுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் மதியம் புனே. ஸ்டேஷனில் இறங்கியதும் வீட்டுக்காரர் போன். "அம்மிணி, டைல்ஸ்காரர் வந்திருக்காரு. ஹாலுக்கு நீ சொன்ன அந்த வெள்ளையே போட்றலாமா?" எட்டு கடை ஏறி இறங்கி நான் பொறுக்கிய டைல்ஸ் அது. போடச் சொன்னேன். வெளியே ஆட்டோக்காரர், மெஷின் கம்பெனிகள் இருக்கும் கசார்வாடிக்கு நானூறு கேட்டார். மீட்டர் என்றேன். "மீட்டர் பந்த் ஹை மேடம்" என்றார், ஓடாதாம், அதைத் தட்டிக்கூடப் பார்க்காமல். மெட்ரோவில் போய்விடுங்கள். நடுவில் ஒருமுறை மாறவேண்டும், முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

மறுநாள் காலை முதலில் லேசர் மெஷின். ஏசி அறை, காபி, பெரிய திரை எல்லாம் இருந்தது. மைக்ராஸ்கோப்பில் அவர்கள் காட்டிய க்ரூவ் அவ்வளவு அழகு. என்ன உலோகம் என்று கேட்டேன், பித்தளையாம். பித்தளையில் யார்தான் போடமாட்டார்கள்? என் செம்பை நீட்டியதும் மெஷின் ஓட்டும் பையன் முகம் சுருங்கிப்போனது. போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் உருகி வழிந்து உதடு மாதிரி நின்றது. அடுத்தது மெல்லிய கம்பியில் மின்சாரம் விட்டு அறுக்கும் வயர் கட். சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் ஒரு தகடு முடிய அரை நாள். மாதம் ஆயிரம் தகடு கேட்கிறவனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான்.

மிச்சம் இருந்தது கசார்வாடியில் ஒரு மைக்ரோ மில்லிங் மெஷின். அதை விற்கும் சேவியர் பக்கத்துத் தாபோடியில் இருக்கும் தமிழர், பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். அடுத்த நாள் பதினோரு மணிக்கு வரச் சொன்னார், போனேன். "சஹா குடிங்க அக்கா" என்று டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் சூடாகட்டும் என்றார். சூடானது. பன்னிரண்டரைக்கு, "வடா பாவ் சாப்பிட்டு வந்து ஆராம்ஸே பாக்கலாம் நா" என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. தின்பதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

ஒருவழியாக ஒன்றே காலுக்கு ஓட்டினார். சும்மா சொல்லக்கூடாது, என் செம்பிலேயே கோடு மாதிரி நேராக, பிசிறே இல்லாமல் வந்தது. "பாத்தீங்களா அக்கா, ஏக்தம் கண்ணாடி" என்றார் சேவியர். வாயெல்லாம் பல். இன்னொன்று போடுங்கள் என்றேன். நாளைக்குப் போடலாம் என்று இழுத்தார். இப்போதே போடுங்கள் என்று நின்றுவிட்டேன்.

இரண்டாவது க்ரூவ் பாதி ஓடியிருந்தபோது இரண்டு மணிச் சங்கு ஊதியது. சுவருக்கு அந்தப் பக்கம் தும், தும் என்று ஆரம்பித்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், பவர் பிரஸ். நான்காவது அடியில் கட்டர் பட்டென்று ஒடிந்தது.

"இதுக்காகத்தானே லஞ்ச் வரைக்கும் இழுத்தீங்க?" என்றேன்.

சேவியர் மறைக்கவில்லை. "என்ன செய்ய அக்கா, பாஜூலேயே ப்ரஸ் இருக்கு. அவன் சாப்பிடப் போனாத்தான் நான் டெமோ காட்ட முடியும். மெஷின்ல ஏதும் கோளாறு இல்ல, அந்த அதிர்வுதான் ஆகாது. உங்க ஷெட்ல எங்க வைக்கப் போறீங்க?"

அதுவரை கத்தத் தயாராக இருந்தேன். எங்கள் ஷெட்டில் புது மெஷினுக்கென்று வீட்டுக்காரர் சுத்தம் செய்து வைத்திருக்கும் இடம், பிரஸ்ஸுக்கு எட்டடி தள்ளி. திரும்பி வந்த இரண்டு சாம்பிளையும் ஓட்டியது அதே இடத்தில். இத்தனை நாளும் பழைய மெஷினைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளும் ஒரு மணிக்கே போய் நின்றேன். பக்கத்து பிரஸ் சாப்பிடப் போன நேரத்தில் சாம்பிள் தகட்டை முடித்து வாங்கிக்கொண்டேன். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆர்டர் எங்களுக்குத்தான். மெஷினும் அதுதான் என்று அங்கேயே முடிவு.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: உங்கள் உலோகத்தை நீங்களே கொண்டு போங்கள். பித்தளையைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். டெமோ நேரத்தை நீங்கள் சொல்லுங்கள், ஒரு க்ரூவோடு விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஷெட்டில் பிரஸ் ஓடும்போது ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்து, ஆடுகிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் கிளம்பியதன் பலன் கீழே.

சாம்பிள் தயாரானதுமே வீட்டுக்காரருக்குப் போன் செய்து, பிரஸ் இருக்கும் ஷெட்டில் இந்த மெஷின் ஓடாது என்றேன். பிரஸ்தான் இன்றைக்கும் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதை நிறுத்த முடியாது. கடன் கழுத்துவரை இருக்க, இன்னொரு ஷெட்டுக்கு வாடகை கொடுக்கவும் வழியில்லை.

"புது வீட்டு ஹால் சும்மாதானே கெடக்குது, அங்க வெச்சுக்கலாம்" என்றார் கடைசியில். "நாம பால் காய்ச்சறது அப்புறம் பாத்துக்கலாம்."

மெஷினுக்குத் தரையைத் தோண்டி ஒன்றரை அடி ஆழத்தில் தனி ஃபவுண்டேஷன் போடவேண்டும் என்று சேவியர் சொல்லியிருந்தார். டைல்ஸ்காரர் எங்கே வரைக்கும் வந்திருக்கிறார் என்று கேட்டேன்.

"இப்பத்தான் கடைசி டைல்ஸ ஒட்டிட்டுப் போறாரு அம்மிணி."