ஆய்வு நாளில் அணைந்து கிடந்த ஃபிரிட்ஜ்

அந்த மருத்துவமனையில் அவருக்குக் ‘கிருமி அக்கா’ என்று பெயர். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குத் தெரியும். வருடக்கணக்காக வார்டு நர்ஸாக இருந்தவரைத் தரப் பொறுப்பாளராகப் போட்டதும், முதல் வேலையாகத் தலைமை அறுவை மருத்துவரின் மோதிரத்தைக் கழற்ற வைத்தார். வீட்டிலும் இப்படித்தானா என்று யாரோ கேட்டதற்கு, “சோப்புப் போட்டே நான் தேஞ்சு போயிட்டேன்” என்றாராம் அவர் கணவர்.

மருத்துவமனைக்குத் தரச்சான்று ஒரு முறை கிடைத்தால் போதாது. சில வருடங்களுக்கு ஒரு தடவை ஆய்வுக் குழு வந்து எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துத்தான் புதுப்பிக்கும். அப்படி ஒரு குழு வரவிருந்த முந்தின நாள் மாலை, தரை முழுவதையும் மெஷின் போட்டுப் பளபளப்பாக்கச் சொன்னார் அக்கா.

மறுநாள் காலை அவர் பையைக்கூட வைக்கவில்லை, மருந்தகத்திலிருந்து கொழுந்தனார் கூப்பிட்டார். கணவரின் தம்பியான அவர்தான் மருந்தகப் பொறுப்பாளர். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்.

தடுப்பூசி ஃபிரிட்ஜின் பிளக்கைத் தரை மெஷினுக்காகப் பிடுங்கியவர்கள் திரும்பச் சொருகவில்லை. அக்கா போய்த் திறந்து பார்த்தபோது உள்ளே வெதுவெதுவென்று இருந்தது.

“இப்ப சொருகிட்டேன் அண்ணி. அவங்க வர்றதுக்குள்ள சில்லுன்னு ஆயிடும். நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்.”

“ஃபிரிட்ஜ் சில்லுன்னு ஆயிடும் தம்பி. கெட்ட மருந்து நல்லதாயிடுமா? காலையிலேர்ந்து ஏதாவது வெளிய போச்சா?”

கொழுந்தனார் முகம் வெளுத்தது. “ஒரு பெட்டி. நான் வர்றதுக்கு முன்னாடியே குழந்தைங்க பிரிவுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினார் அக்கா. அங்கே நர்ஸ் பெட்டியைப் பிரித்திருந்தாள். ஒரு தாய் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். “நிறுத்துங்க!” மூச்சு வாங்கியபடியே பெட்டியை வாங்கிக்கொண்டு, மருந்து குளிரில் இல்லாமல் போய்விட்டது, வேறு வரவழைக்கிறோம் என்று அந்தத் தாயிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். “லீவு போட்டுட்டு வந்திருக்கேன், உங்களுக்கெல்லாம் விளையாட்டா இருக்கா?” என்று அவள் பொரிந்து தள்ளினாள். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆய்வுக் குழுவிடம் இதைச் சொல்லப்போவதாக அக்கா சொன்னதும், மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டரும் தன் பங்குக்குக் கத்தினார். “யாருக்கும் போடலையே, அப்புறம் என்ன? இன்னிக்கேவா சொல்லணும்?”

“நாளைக்குச் சொன்னா மறைச்சதா ஆயிடும் டாக்டர். தரை துடைக்கச் சொன்னது நான். என் பேர முதல்ல எழுதிக்கறேன்.”

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, “நீங்களே சொல்லுங்க. நானும் பக்கத்துல நிக்கறேன்” என்றார்.

பிளக்கைப் பிடுங்கிய துப்புரவுப் பெண் துணி மாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்தாள். “வேலை போயிடுமாக்கா?”

“நீ மட்டுமா மறந்தே? மெஷினுக்கும் மருந்துக்கும் ஒரே பிளக்க வெச்ச நாங்க மறக்கலையா? அவங்க கேட்டா நடந்ததச் சொல்லு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.”

ஆய்வுக்கு வந்த அம்மாள் உண்மையிலேயே அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் நடுங்கிக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஒன்றையும் விடவில்லை. குழு ஒரு குறையைப் பதிவு செய்தது, சரிசெய்ய அவகாசமும் தந்தது. ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்ட தனி இணைப்பும், குளிர் குறைந்தால் கத்தும் மணியும் வந்த பிறகே சான்று புதுப்பிக்கப்பட்டது. “தப்பே நடக்கலன்னு சொல்ற இடத்துலதான் எனக்குப் பயம்” என்று அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. கொழுந்தனார் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மனைவி வழியாகக் கேட்டார். அக்காவும் அவள் வழியாகவே கொடுத்தனுப்பினார்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

“அண்ணி, அன்னிக்கு அந்த ஊசியப் போட்டிருந்தா...”

“போடலையே. விடுங்க தம்பி. சாப்பிடுங்க, ஆறிடப்போகுது.”