லோ டைட் ராஜகுமாரி

சோறு வடித்து இறக்கிய கையோடு, அதே அடுப்பில் பேஸ் கிட்டார் கம்பிகளை வேகப்போடுகிறார் ராஜகுமாரி. உப்புக்காற்றில் கம்பி சீக்கிரமே செத்துவிடும். புதுக்கம்பி மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்து சேர்வதற்குள் வாசிக்கும் ஆசையே விட்டுப்போகும். கொதிநீரில் பிசுக்குக் கழன்றால் மறுபடி பேசும். "குழம்புன்னு தொறந்து பாத்துறாதீங்க" என்று விருந்தாளிக்கு எச்சரிக்கை வேறு.

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய குடும்பம். இப்போது வீடு புரோத்ராபூரில். வேலை பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பது. சில்லறை எண்ணும்போதும் கட்டைவிரல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

'லோ டைட்' குழுவில் மூன்றே பேர். டிரம்ஸுக்கு முத்துராஜ், கிட்டாருக்கும் பாட்டுக்கும் அஸ்வின். ராக் குழு என்றுதான் பெயர். ஆனால் அஸ்வினின் விரல்கள் ஜாஸுக்கு நழுவும். ராஜகுமாரியின் மனசெல்லாம் ரெக்கே இசையில். அதில் முதல் தட்டை விட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் சுகமே இருக்கிறது.

வருடமெல்லாம் கல்யாணங்களில் சினிமாப் பாட்டு. சொந்தப் பாட்டுக்கு, ஜனவரியில் நடக்கும் தீவு விழா ஒன்றுதான் மேடை. போன வருடம் அங்கே மானம் போயிற்று. ஒத்திகை நடந்தது படகுத்துறையை ஒட்டிய ஐஸ் கிடங்கில். கரையில் நின்றாலும் ஃபெர்ரியின் எஞ்சின் அணையாது. மூவரும் தங்களை அறியாமல் அதன் தடதடப்பில் சாய்ந்தே வாசித்துப் பழகியிருந்தார்கள். மேடையில் எஞ்சினுக்கு எங்கே போவது? ரெக்கே தலைதெறிக்க ஓடியது. ஜனம் பஜ்ஜிக் கடைப் பக்கம் நகர்ந்தது.

இன்னொரு முறை கவிழ்ந்தால் சென்னை ஓட்டலில் பாடப் போய்விடுவேன் என்று அஸ்வின் சொல்லிவிட்டான். அவன் போனால் குழு அவ்வளவுதான். ராஜகுமாரி நேரே விழாக் கமிட்டிக்காரரிடம் போய், சொந்தப் பாட்டுக்கு இன்னொரு முறை நேரம் கேட்டு நின்றார்.

"மேடம், பப்ளிக் போர் ஹோ ஜாத்தா ஹை, ஜனத்துக்குச் சலிச்சுப்போகுது. சினிமாப் பாட்டு வாசிங்க."

"அதுக்கு ஸ்பீக்கர் பெட்டி போதுமே சார். நாங்க எதுக்கு?"

அவர் முனகிக்கொண்டே ஒரு பாட்டுக்கு நேரம் ஒதுக்கினார்.

அன்றே கிடங்குக்கு முழுக்குப் போட்டு, ஒத்திகையைத் தன் வீட்டுப் பாக்குத் தோட்டத்துக்கு மாற்றினார் ராஜகுமாரி. "எஞ்சின் இல்லாம நாம எம்புட்டுன்னு பாப்போம்." மழைக்காலம் முழுக்க முத்துராஜின் தாளம் ஓட ஓட, இவர் நிறுத்தினார்.

"ஜல்தி க்யா ஹை முத்து, என்ன அவசரம்? கப்பலா கெளம்புது?"

"கை தன்னால ஓடுதுக்கா."

"புடிச்சு உக்கார வை. ஃபிர் சே, மறுபடி மொதல்லேர்ந்து."

இந்த ஜனவரியில் மேடை ஏறினார்கள். விளக்கு எரிந்ததும் முத்துராஜின் கை மறுபடி ஓடத் தொடங்கியது. ராஜகுமாரி ஜனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கம்பியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். அடிநாதம் போனதும் பாட்டு அந்தரத்தில் தொங்கியது. முத்துராஜ் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான், மூச்சை இழுத்துவிட்டான். அடுத்த அடி தாமதமாக, விழவேண்டிய இடத்தில் விழுந்தது. பிறகுதான் இவர் கை கம்பிக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் முன்வரிசை எழுந்து ஆடியது.

பாட்டு முடியும் இடத்தில் அஸ்வின் சிரித்தபடி பல்லவியை மறுபடி எடுத்தான். மேடையோரம் கமிட்டிக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார். ராஜகுமாரி வாசிப்பை விடாமல் மெல்ல நகர்ந்து, அந்தக் கடிகாரத்துக்கும் அஸ்வினுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.