வாசல் பனியும் வாட்ஸ்அப் அட்மினும்

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, விலகிக்கொள்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருப்பதைப் போல ஒரு தொழில் உலகத்தில் இல்லை. என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துக்கொள்ளுங்கள்.

நான் மலைமேல் இருக்கும் தானா ராத்தா டவுனில் போன் கடை வைத்திருக்கிறேன். அந்த ஒரே தகுதியால், எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில் பிறந்து இப்போது கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சிதறிக் கிடப்பவர்களின் குழு என் தலையில் விழுந்தது.

ஏர்கோன்

தேவா அண்ணன் மட்டும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. கொழுந்து ஏற்றும் லாரியை ஓட்டிக்கொண்டு, பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில் மனைவி எலிசபெத்தோடு இருந்தார். தினமும் காலையில் வாசலில் நின்று பனியைப் படம் எடுத்துக் குழுவில் போடுவார். படத்தில் ஒன்றுமே இருக்காது. எங்கும் வெள்ளை, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டியின் பாதி. ஆனால் அது வந்த பிறகுதான் மற்றவர்கள் வாயே திறப்பார்கள்.

பனி மூடிய காலையில் லயத்தில் யார் முகமும் தெரியாது, குரல் மட்டும் வீடு வீடாகக் கேட்கும். எங்கள் குழுவும் அப்படித்தான் எனக்குத் தோன்றும். கடையைத் திறந்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் காதில் விழும். ஜொகூர் துறைமுகத்தில் வேலை செய்யும் சேகர் ஒருநாள் எழுதினான்: "அண்ணே, உங்க படத்தைப் பார்த்துக் குளிர் தாங்கல. ஏர்கோனை அடைச்சுட்டேன்."

மலைக்கு இரங்கல்

ஒருநாள் தேவா அண்ணன் பனிக்குப் பதிலாக ஒரு மலைச்சரிவைப் போட்டார். செடியில் ஒரு இலை இல்லை, வெறும் குச்சிகள். குழு கொதித்துவிட்டது. தோட்டத்தை அழித்து ஓட்டல் கட்டப் போகிறார்கள் என்றார் ஒருவர். பத்திரிகைக்கு எழுதலாம் என்றார் இன்னொருவர். கைகூப்பும் படங்களும் அழும் முகங்களுமாகக் கொட்டின. ஒரு அக்கா மலையின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்தித்தார்.

எல்லாரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன். மறுபடி துளிர்ப்பதற்காகச் செடியை வெட்டிவிடுகிற வழக்கமான வேலை அது. அதே நாளில்தான் உடம்பு இளைக்கும் மாத்திரை விற்க வந்த ஒருவரை நான் குழுவிலிருந்து நீக்கியிருந்தேன். தேவா அண்ணன் இரண்டையும் சேர்த்து ஒரே பதிலாகப் போட்டார்: "அது கவ்வாத்துலா. மலையில கங்காணி பார்த்துக்குவாரு, குழுவில நம்ம விமலா வெட்டும்."

அன்றிலிருந்து குழுவில் என் பெயர் 'கவ்வாத்து விமலா'.

தொட்டியின் நிறம்

போன வருஷம் மழைக்காலத்தில் சேகர் எனக்குத் தனியாக எழுதினான். அண்ணன் போன மாதம் போட்ட படங்களில் லயத்துத் தண்ணீர்த் தொட்டி நீலப் பெயிண்டில் இருந்ததே, இப்போது மட்டும் ஏன் மறுபடி பழைய துரு நிறம் என்று கேட்டான். தோட்டத்தில் பிறந்தும் கவ்வாத்தை மறந்தவர்கள், தொட்டியை மறக்கவில்லை.

அன்று மதியமே எலிசபெத் என் கடைக்கு சார்ஜர் வாங்க வந்தாள். கையில் அண்ணனுடைய போன். அவர் சில நாட்களாக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், நெஞ்சு சரியில்லை என்றாள். படம் வராவிட்டால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு மலையேறி வந்துவிடுவார்கள் என்று, போனில் இருக்கும் பழைய படங்களை அவளை அனுப்பச் சொல்லியிருக்கிறார். நான் கடையைச் சாத்திவிட்டு அவளோடு போனேன். மூச்சு வாங்கியது அவருக்கு. ஏமாற்றுகிறீர்களா அண்ணே என்று கோபமாகவே கேட்டேன். சிரித்தார். "நேத்துப் பனியும் பனிதானேலா, விமலா."

ரோஜாப்பூ

அந்த வாரமே போய்விட்டார். இப்போது உண்மையிலேயே எல்லாரும் மலையேறி வந்தார்கள். முகப்புப் படமாக சாமியையும் பூவையும் பேரப்பிள்ளையையும் வைத்திருப்பவர்கள் என்பதால், பாதிப் பேருக்குப் பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. ஜெபம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கும்போது பனி இறங்கிவிட்டது. முன்னால் போனவர் முதுகு தெரியவில்லை, குரல்கள் மட்டும் கேட்டன. அப்போதுதான் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். சேகர் ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது பின்னாலிருந்து என் காதில் விழுந்தது: "தினம் வணக்கம் போடுற ரோஜாப்பூ நீங்கதானா?"

அந்த நம்பர்

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. இறந்தவர் நம்பரைக் காரியம் முடிந்ததும் அட்மின் நீக்கிவிட வேண்டும். போன் கம்பெனி அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும், முன்பின் தெரியாதவர் நம் அழுகையை எல்லாம் படிப்பார். ஆனால் நாற்பதாம் நாள் பூசை முடிந்தும் எனக்குக் கை வரவில்லை. அவர் பெயரைத் திறப்பேன், 'நீக்கு' என்ற எழுத்தைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். காலையில் படம் இல்லாத குழு பேச்சில்லாமல் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எலிசபெத் வந்து அண்ணன் போனை மேசைமேல் வைத்தாள். நம்பரை மூடச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குத் தொப்-அப் காசு போடச் சொன்னாள். அப்புறம், படம் எடுப்பதற்கு எதை அமுக்க வேண்டும் என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "இந்த நம்பரைக் கவ்வாத்து வெட்டிடாதீங்க அக்கா. அவரு இல்லன்னாலும், வாசல்ல பனி வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

மறுநாள் காலை தேவா அண்ணன் பெயரில் ஒரு படம் வந்தது. வெள்ளை, நீலத் தொட்டியின் பாதி, மீதியை மறைத்துக்கொண்டு எலிசபெத்தின் கட்டைவிரல். நான் அழுதுகொண்டிருந்தேன், மற்றவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். பிறகு ஜொகூரிலிருந்து வந்தது: "ஏர்கோனை அடைச்சுட்டேன், அண்ணி."

ஆகவே சக அட்மின்களே, நமக்கென்று கொடுத்திருக்கும் ஒரே அதிகாரம் ஆளை நீக்குவதுதான் என்றாலும், நீக்காமல் விட்ட ஒரு நம்பருக்காகத்தான் இந்தச் சம்பளமில்லாத வேலையை நான் இன்னும் விடாமல் இருக்கிறேன்.